ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, இது தேய்மானமா?

கேள்வி: எனக்கு 56 வயது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் பால் மரம் வெட்டினேன். இப்போது செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்குகிறேன். ஆறு மாதமாக வலது இடுப்பின் பக்கவாட்டில் வலி. இரவில் அந்தப் பக்கம் சாய முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டுத் தேய்மானம் என்றார்கள். ஊசி போட்டார்கள், ஒன்றரை மாதம் சுகமாக இருந்தது, திரும்பவும் வந்துவிட்டது. உருவியும் பார்த்தாயிற்று. எனக்கு இனிப்பு நீர் உண்டு. மாலையில் ஒன்றரை வயதுப் பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இன்னோர் ஊசி போடலாமா? தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறுவதாக வேண்டுதல் இருக்கிறது, ஏறலாமா?

பதில்: அக்கா, ஊசிக்குப் பிறகு வருகிறேன். முதலில் எழுந்து நின்று, வலிக்கிற இடத்தைக் கையால் காட்டுங்கள். வாயால் சொல்ல வேண்டாம். நம் பேச்சில் இடுப்பு என்பது பெரிய வட்டாரம். முதுகின் அடிப்பக்கமும் இடுப்பு, பிள்ளையைத் தூக்கி வைக்கிற பக்கமும் இடுப்பு. கிளினிக்கில் போய் மலாயில் ‘சாக்கிட் பிங்காங்’ என்றால் கேட்பவர் முதுகைத்தான் நினைப்பார், எக்ஸ்ரேயும் முதுகுக்குத்தான் எழுதுவார். நீங்கள் சொல்ல வேண்டியது ‘பிங்கூல்’. இந்த ஒரு சொல் மாறியதால் மாதக்கணக்கில் முதுகுக்கு மாத்திரை சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கை எங்கே போகிறது? உள்ளங்கை பின்னால், பாவாடை நாடா கட்டும் மட்டத்தில் போய் நின்றால் முதுகெலும்பைப் பார்க்க வேண்டும். வலி முழங்காலைத் தாண்டி இறங்கி, பாதம் மரத்துப்போனாலும் அப்படித்தான். கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் தொடை இடுக்கிலுமாகக் கவ்விப் பிடித்தால் மூட்டின் மேல் சந்தேகம். உள்ளங்கை பக்கவாட்டில், சிலுவாரின் (கால்சட்டையின்) தையல் இறங்குகிற இடத்தில், தோலுக்கு அடியில் தட்டுப்படும் எலும்பு மேட்டின் மேல் போய் உட்கார்ந்தால், அது இன்று நாம் பேசப்போகிற வலி. அந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது என்று நீங்கள் எழுதியதுமே என் மனம் அங்கேதான் போனது.

அந்த மேடு தொடை எலும்பின் வெளிப்பக்கப் புடைப்பு. பிட்டத்தின் பக்கத்தில் இருக்கும் இரண்டு தசைகளின் நாண்கள் அதில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அந்தக் கணத்தில் மறுபக்க இடுப்பு சரியாமல் பிடித்து வைப்பது இந்தத் தசைகளின் வேலை. நாண்களுக்கு மேலே, தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால்வரை அகலமான ஒரு பட்டை இறங்குகிறது. தொடை உள்பக்கமாகச் சாய்ந்தால் பட்டை இறுகி, நாணை எலும்போடு சேர்த்து அமுக்கும். லாரியில் தார்ப்பாய்க்கு மேல் இழுத்துக் கட்டிய கயிறு மூலையில் பாயை எப்படி நசுக்குமோ, அப்படி. ஒரு நாள் நசுங்கினால் ஒன்றுமில்லை. வருஷக்கணக்கில் நசுங்கினால் நாணின் தரம் கெட்டு, சுமை தாங்கும் சக்தி குறைகிறது. நாற்பது தாண்டிய பெண்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு, இது ஆண்களைவிட அதிகமாக வருகிறது.

முன்பெல்லாம் இதற்கு நீர்ப்பை அழற்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். நீர்ப்பை என்றால் சிறுநீர்ப்பை அல்ல, எலும்பு மேட்டின் மேல் உராய்வைக் குறைக்க இருக்கும் சின்னத் திரவப் பை. 2013இல் வந்த ஓர் ஆய்வில், இந்த இடத்தில் வலியோடு வந்த 877 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தார்கள். ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு நீர்ப்பையில் அழற்சியே இல்லை. பாதிப் பேருக்கு நாணில் கோளாறு இருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் நாண் தெரியாது, எலும்புதான் தெரியும். ஐம்பது தாண்டியவர்களின் எக்ஸ்ரேயில் கொஞ்சம் தேய்மானம் தெரிவது சகஜம். தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

சரி, உங்கள் வலி நாணா மூட்டா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்து வலது கணுக்காலை இடது முழங்கால்மேல் வையுங்கள். சுலபமாக வைத்து, கால்விரல் நகத்தை வெட்ட முடிந்தால் மூட்டுத் தேய்மானத்தின் மேல் சந்தேகம் குறைகிறது. இறுகிப்போய், தொடை இடுக்கில் பிடித்தால் கூடுகிறது. அடுத்து, சுவருக்குப் பக்கத்தில் நின்று ஒரு விரலை மட்டும் சுவரில் வைத்துக்கொண்டு வலது காலில் நில்லுங்கள். 30 விநாடி. அதற்குள் அந்த எலும்பு மேட்டில் பழகிய வலி வந்து, விரலால் அழுத்தினாலும் அங்கேயே வலித்தால் பெரும்பாலும் நாண்தான். அழுத்தியும் வலிக்கவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

பிசியோவிடம் (உடற்பயிற்சி மூலம் சிகிச்சை தருபவரிடம்) போனால் இதையேதான் இன்னும் நுணுக்கமாகச் செய்வார். மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கித் திருப்பி, எதிர்த்துத் தள்ளச் சொல்வார். முதுகையும் சோதிப்பார். எனக்கு இதையெல்லாம்விட நடையைப் பார்ப்பதுதான் பிடிக்கும். கட்டிலுக்கு வரும் அந்தப் பத்தடியில் பாதிக் கதை தெரிந்துவிடும்: வலது கால் ஊன்றும்போது இடது இடுப்பு இறங்கும், அல்லது விழாமல் இருக்க உடம்பு முழுக்க வலப்பக்கம் சாயும். பெயர் எழுதக் காத்திருக்கும்போது எல்லா எடையையும் வலது காலில் போட்டு, இடுப்பை வெளியே தள்ளி நின்றால் மீதிக் கதையும் தெரிந்துவிடும்.

இங்கேதான் உங்கள் பேரன் வருகிறான். அவனை எந்தப் பக்கம் வைக்கிறீர்கள்? வலது பக்கம் என்றால், அவன் உட்கார ஒரு திண்ணை வேண்டுமே என்று இடுப்பு தானாக வலப்பக்கம் பிதுங்கும், தொடை உள்ளே சாயும், பட்டை இறுகும். பத்துப் பன்னிரண்டு கிலோ அதற்கு மேலே. கொஞ்ச நாளைக்கு அவனை நெஞ்சோடு, நடுவில் தூக்குங்கள். முடிந்தால் உட்கார்ந்து மடியில் வையுங்கள். கால் மேல் கால் போடுவதையும் குட்டை முக்காலியில் உட்காருவதையும் விடுங்கள். மீன் ஆய உட்காரும் பலகைக்குப் பதில் மேசைக்கு மாறுங்கள்.

இரவுக்கு: மல்லாந்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது நல்லது. ஒருக்களித்தால்தான் தூக்கம் வரும் என்றால் இடப்பக்கம் படுங்கள். ஆனால் வலது கால் முன்னால் சரிந்து மெத்தையில் விழக் கூடாது. விழுந்தால் மேலே இருக்கும் வலது பக்கத்திலேயே பட்டை இறுகும். வலியில்லாத பக்கம் படுத்தும் ஏன் வலிக்கிறது என்று பலர் கேட்பதற்கு இதுதான் பதில். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை இரண்டு தலையணையை நீளவாக்கில் கொடுங்கள். பாயில் படுப்பவராக இருந்தால் கெட்டிப் போர்வையை மடித்துக் கீழே போடுங்கள்.

உருவுவதைப் பற்றி. தசையை மேலாகத் தடவிக் கோடாலித் தைலம் போட்டால் சுகமாக இருக்கும், அதில் தப்பில்லை. எலும்பு மேட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி உருவுவது ஏற்கெனவே நசுங்கிய நாணை மறுபடி நசுக்குவது. காலைக் குறுக்கே போட்டு இழுக்கும் நீட்டல் பயிற்சியும் அதே கணக்குதான். அந்த நீட்டலை நானும் ஆரம்ப காலத்தில் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்படித்தான் படித்தோம். மறு வாரம் அவர்கள் இன்னும் நொண்டிக்கொண்டு வந்தபோது, ஒழுங்காகச் செய்யவில்லை என்று அவர்களையே குறை சொன்னேன்.

இப்போது ஊசி. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வந்தது. இதே வலியுள்ள 204 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியும் நசுக்காமல் இருக்கும் வழிகளும், ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு குழு சும்மா காத்திருந்தது. எட்டு வாரத்தில் நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் முறையே நூற்றுக்கு 77, 58, 29. ஒரு வருஷம் கழித்து 79, 58, 52. அதாவது ஊசி வேலை செய்யாமல் இல்லை, ஆனால் வருஷக் கடைசியில் ஊசிக்காரர்களும் காத்திருந்தவர்களும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டார்கள். உங்களுக்கு இனிப்பு நீர் வேறு. ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். தூக்கமே இல்லாமல், பயிற்சியைத் தொடங்கவும் முடியாமல் தவிப்பவருக்கு ஓர் ஊசி வழிவிடும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு முறை போட்டு, வேறெதுவும் மாற்றாமல், வலி திரும்பியவருக்கு இரண்டாவது ஊசியை நான் சொல்ல மாட்டேன். முதலில் எட்டு வாரம் பயிற்சி.

பயிற்சிக்கு ஒரு கைலி போதும். மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, கால்களை இடுப்பளவு அகட்டிக்கொள்ளுங்கள். கைலியை மடித்து முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு தொடைகளையும் சுற்றிக் கட்டுங்கள். தொடைகளை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளுங்கள். கைலி கிழியத் தேவையில்லை, உங்கள் பலத்தில் கால்வாசி போதும். பத்து விநாடி பிடித்து, மெதுவாக விடுங்கள். ஐந்தாறு தடவை, காலையும் இரவும். கால் அசையவே இல்லையே, இது என்ன பயிற்சி என்று தோன்றும். நாணுக்கு நசுக்காத சுமை கொடுப்பதுதான் இதன் நோக்கம்.

அதோடு முழங்காலை மடக்கிப் படுத்துப் பிட்டத்தைத் தூக்கி இறக்குவது பத்துத் தடவை. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மெத்தை போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்துத் தடவை; எழும்போது முழங்கால்கள் ஒன்றை ஒன்று தேடிப் போகக் கூடாது. இரண்டு வாரத்தில் இது லேசாகிவிடும். அப்புறம் சிங்க் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது, அதற்கும் பிறகு வாசற்படியில் ஏறி இறங்குவது. பயிற்சியின்போது பத்துக்கு நாலு, ஐந்து அளவு வலி வந்தால் பயப்பட வேண்டாம். அன்று இரவும் மறுநாள் காலையும்தான் கணக்கு. இரவு வலி கூடினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம்.

வேலையில் ஒரு விஷயம் தலைகீழாகத் தோன்றும். பழ வாளியை வலிக்கிற பக்கக் கையில், அதாவது வலது கையில் பிடியுங்கள். இடது கையில் பிடித்தால் அந்தப் பக்கம் சரியாமல் இருக்க வலது இடுப்புத் தசை கூடுதலாக இழுக்க வேண்டிவரும். ஊன்றுகோல் வைத்துக்கொண்டால் மட்டும் அது இடது கையில் இருக்கட்டும். அங்கே அது தசையின் வேலையைப் பகிர்ந்துகொள்கிறது. சரிவான நிரையில் ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்காமல் மாறி மாறிப் போக முடியுமா என்று மண்டோரிடம் (வேலை மேற்பார்ப்பவரிடம்) கேட்டுப் பாருங்கள்.

விழுந்த பிறகு கால் ஊன்ற முடியவில்லை, காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைகிறது, எப்படிப் படுத்தாலும் இரவு வலி அடங்கவில்லை, கால் பலம் குறைகிறது, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் என்றால் பயிற்சியை வைத்துக்கொண்டிருக்காதீர்கள், நேரே டாக்டரிடம் போங்கள். மற்றபடி அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்து, பிசியோவுக்கு லெட்டர் கேட்டு வாங்குங்கள். தனியாரிடம் போவதாக இருந்தால் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டப்படி பிசியோ தொழிலுக்குப் பதிவு வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பத்துமலையில் 272 படி. வாசற்படியில் வலது காலை வைத்து, தொடர்ந்து இருபது தடவை ஏறி இறங்கியும் அன்றிரவு வலி கூடவில்லை என்றால் ஏறலாம் என்பது என் கணக்கு. கூட்டம் நெருக்காத நேரமாகப் பார்த்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் போங்கள். ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில், படிக்கு ஒரு தடவை இரண்டு காலும் சேரட்டும். ஏறுவதைவிட வரிசையில் மணிக்கணக்காக நிற்பதுதான் உங்களுக்குச் சோதனை. அப்போது இரண்டு காலிலும் நில்லுங்கள், பேரனை மருமகளிடம் கொடுத்துவிடுங்கள். அதற்குள் படிக் கணக்கு தேறவில்லை என்றால் வேண்டுதலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வையுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.