கொல்லைக்கு எத்தனை கிலோவாட் சோலார்? கார்த்திகை மழையை வைத்துக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் கொல்லை. கரண்டு லைனிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நாட்டுக்கோழி 400, பசு 2. பல்பு 6, ஃபேன் 2, கேமரா 1, 100 முட்டை இன்குபேட்டர், குஞ்சுக்குச் சூடு கொடுக்க பல்புகள், தண்ணீருக்கு ஒரு ஹெச்.பி. மோட்டார், இவ்வளவுதான் ஓட வேண்டும். ஒருவர் 5 கிலோவாட், 4 லட்சம் ஆகும் என்கிறார். இன்னொருவர் 1 கிலோவாட் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: எது எத்தனை மணி நேரம் ஓடும் என்று அந்த இருவரில் யாராவது கேட்டார்களா? நீங்கள் அப்படி எழுதவில்லை. அதைக் கேட்காமல் சொல்லும் கிலோவாட் வெறும் ஊகம்தான். நாமே போட்டுப் பார்ப்போம்.

9 வாட் பல்பில் இரண்டு மட்டும் இரவில் 10 மணி நேரம், மீதி நான்கு 4 மணி நேரம்: சுமார் 320 வாட்-மணி. ஃபேன் பி.எல்.டி.சி. வகையாக வாங்குங்கள், 30 வாட்தான் இழுக்கும். இரண்டும் 10 மணி நேரம் ஓடினால் 600. பழைய ஃபேன் என்றால் இதுவே 1500 ஆகிவிடும். கேமரா 240. இன்குபேட்டரில் 150 வாட் என்று எழுதியிருந்தாலும் ஹீட்டர் விட்டுவிட்டுத்தான் எரியும். சராசரி 60 வாட் என்று வைத்தால் நாளுக்கு 1440. ஆக மொத்தம் 2600, அதாவது 2.6 யூனிட்.

மோட்டாரையும் குஞ்சு பல்பையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்ற வழக்கப்படி 100 குஞ்சுக்கு 200 வாட். முதல் வாரம் இரவும் பகலும் எரிந்தால் நாளுக்கு 4.8 யூனிட்! மற்ற எல்லாம் சேர்ந்தே 2.6 தான். உங்களுக்கு 5 கிலோவாட் சொன்னவர் இதையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்.

சில வருடம் முன்பு ஒரு கார்த்திகையில் வேதாரண்யம் பக்கம் ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். மூன்று நாளாக வெயிலே இல்லை. இன்வெர்ட்டர் கீங் கீங் என்று கத்திக்கொண்டிருந்தது. இன்குபேட்டர் கண்ணாடியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. உள்ளே 18 நாள் முட்டை. டார்ச் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம், ஒன்றிலும் அசைவில்லை. குஞ்சு பல்புகளையும் அதே பேட்டரியில் மாட்டியிருந்தார் பண்ணைக்கார அம்மா. அந்த அம்மா முட்டைகளைக் கூடையில் எடுத்து வைத்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் குஞ்சுக்கான சூட்டைப் பேட்டரியில் தேடாதீர்கள். கேஸ் ப்ரூடர் வையுங்கள், இல்லாவிட்டால் மண்சட்டியில் கரி. கரி என்றால் கொட்டகையின் மேல்பக்கம் காற்று போக வழி கட்டாயம் இருக்க வேண்டும். மூடிய இடத்தில் கரி வாயு குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

மோட்டாரும் பேட்டரிக்கு வேண்டாம். கிளம்பும்போது அது பல மடங்கு இழுக்கும். அதற்காகவே பெரிய இன்வெர்ட்டர் வாங்க வேண்டி வரும். தனிப் பேனலில் நேரடியாக ஓடும் டி.சி. மோட்டாரைப் போட்டு, 1000 லிட்டர் டேங்க் வையுங்கள். 400 கோழிக்கு நாளுக்கு 100 லிட்டர் ஆகும், இரண்டு பசுவுக்குக் குடிக்கவும் கழுவவும் 200 லிட்டர் வரும். டேங்க் நிரம்பியிருந்தால் மூன்று நாள் கவலையில்லை.

சரி, பேனலுக்கு வருவோம். நல்ல வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் தரும். சித்திரையில் விற்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார்கள். நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டரை என்று வைத்துக்கொள்வதே நல்லது. உங்கள் 2.6 யூனிட்டோடு பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் போகும் சேதாரம் 30 சதவீதம் சேர்த்தால் 3.4. அதை இரண்டரையால் வகுத்தால் 1.35 கிலோவாட். 540 வாட் பேனல் மூன்று போட்டுவிடுங்கள். பேட்டரியைவிடப் பேனல் மலிவு. மூட்டமான நாளிலும் பேனல் கூடுதலாக இருந்தால் கொஞ்சமாவது ஏறும்.

பேட்டரி 24 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம். 4.8 யூனிட் கொள்ளும், 80 சதவீதம் எடுக்கலாம். ஈயப் பேட்டரியில் பாதிதான் எடுக்க வேண்டும். அதனால் 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி நான்கு வேண்டும். அதில் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும், நம் பக்கத்து உப்புத்தண்ணீரைச் சொட்டுக்கூட விடக்கூடாது. சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு கிளம்பும் என்பதால் வைக்கோல் அறையில் வைக்கவே வேண்டாம். இன்வெர்ட்டர் 1 கே.வி.ஏ. சைன் வேவ் போதும். பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் கரண்டை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் 60 ஆம்பியர், எம்.பி.பி.டி. என்ற வகை.

எல்லாம் ஓடினால் இந்தப் பேட்டரி வெயில் இல்லாமல் ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேல் தாங்கும். இன்குபேட்டரை நிறுத்தினால் கிட்டத்தட்ட மூன்று நாள். ஆகவே ஐப்பசி பிறந்ததிலிருந்து கார்த்திகை முடியும்வரை இன்குபேட்டரில் முட்டை வைக்காதீர்கள். அந்த இரண்டு மாதமும் அடைக்கோழி பார்த்துக்கொள்ளட்டும், ஒரு கோழி 10, 12 முட்டையை நன்றாக மூடி உட்காரும். மூன்றாம் நாள், நான்காம் நாள் மழைக்காக இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். அதையும் மீறிய மழைக்குச் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று இருக்கட்டும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் பக்கம் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேனல் தாங்கியின் காலைக் கான்கிரீட்டில் புதையுங்கள். இரும்பு துத்தநாகம் பூசியதாகவும், போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருக்கட்டும், உப்புக்காற்று வேறு எதையும் விட்டுவைக்காது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் உங்கள் கொல்லையில் வெள்ளம் வந்த உயரத்துக்கு இரண்டடி மேலே இருக்க வேண்டும்.

அப்புறம் தென்னை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே நீளும். ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலே அந்தப் பேனல் தருவது வெகுவாகக் குறையும். முன்பணம் கொடுப்பதற்கு முன் மார்கழியில் ஒரு நாள் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் பேனல் வைக்கப்போகும் இடத்தில் நின்று பாருங்கள். உங்கள் மேல் நிழல் விழுந்தால் இடத்தை மாற்றுங்கள்.