டிராப்பில் ஹேண்டில்பார் சுற்றிக்கொள்கிறதா?

கேள்வி: கேப்பர் மலை செம்மண் மேட்டில் எம்.டி.பி. (மலைப்பாதை) சைக்கிளில் இரண்டடி டிராப், அதாவது மேட்டு விளிம்பிலிருந்து கீழே இறங்குவது, பழகுகிறேன். தரையிறங்கியதும் ஹேண்டில்பார் முன்பக்கம் சுற்றிவிடுகிறது, மணிக்கட்டும் வலிக்கிறது. 800 மி.மீ. அகலக் கார்பன் பார் போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? - வாசகர், கடலூர்.

வாங்காதீர்கள் தம்பி. பிழை பாரில் இல்லை, அதை முன் ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில். பெயரே இல்லாத கார்பன் பார் எச்சரிக்காமல் சட்டென்று முறியும். அலுமினியமே போதும்.

ஸ்டெம்மின் முன் தகட்டைக் கழற்றி எண்ணெய், செம்மண் எல்லாம் துடையுங்கள். பாரில் விரிசலோ ஆழமான கீறலோ இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். பாரின் நடுத் தடிமனும் ஸ்டெம்மின் பிடியும் ஒரே அளவா என்றும் பாருங்கள். 31.8 மி.மீ. பாரை 35 மி.மீ. ஸ்டெம்மில் தகரத்துண்டு சொருகி மாட்டிக் கொடுக்கிற கடைகள் உண்டு. டிராப் இறங்குகிற பிள்ளைக்கு அப்படிக் கொடுப்பதை என்னால் மன்னிக்கவே முடியாது.

நான்கு போல்ட்டுகளையும் குறுக்கு வாட்டில் மாறி மாறி முடுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும், அதாவது எத்தனை நியூட்டன் மீட்டர், என்பது ஸ்டெம்மிலேயே அச்சாகியிருக்கும், பெரும்பாலும் 5 சுமார். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பல்லாயிரம் ரூபாய் சைக்கிள் விற்கிறவர்கள் ஒரு ரெஞ்ச் வாங்க மாட்டேன் என்கிறார்கள்! முடுக்கியபின் தகட்டின் மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். ஒரு விலக்கு: சில ஸ்டெம்களில் மேல் இடைவெளி முழுதும் மூடி, கீழே மட்டும் திறந்திருக்கும்படியே செய்திருப்பார்கள். அவற்றில் மேல் போல்ட்டுகளை முதலில் முழுதாக முடுக்க வேண்டும். அந்தக் குறிப்பும் தகட்டிலேயே இருக்கும். தெரியாமல் அதைச் சமமாக்கப் போனால் தகடு வளைந்து பிடி போய்விடும்.

மணிக்கட்டு வலிக்குப் பெரும்பாலும் பிரேக் லிவர்தான் காரணம். சீட்டில் உட்கார்ந்து ஓட்டத் தோதாக அதைக் கீழே சாய்த்திருப்பார்கள். டிராப்பில் இடுப்பு பின்னால் போகும்போது மணிக்கட்டு மடங்கும். பெடலில் நின்று முழங்கையை மடக்குங்கள். முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும்வரை லிவரை மேலே தூக்குங்கள்.

முன்சக்கரம் குத்துகிற மாதிரி இருந்தால், ஸ்டெம்முக்கு மேலே இருக்கும் ஸ்பேசர் வளையம் ஒன்றைக் கீழே மாற்றிப் பாரை உயர்த்துங்கள். மாற்றியதும் மேல்மூடி போல்ட்டை முடுக்கி முன் ஃபோர்க்கின் ஆட்டத்தை எடுத்துவிட்டு, ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகளை முடுக்குங்கள். ஸ்டெம்மைப் பிடிப்பது பக்க போல்ட்டுதான், மேல்மூடி இல்லை. அகலத்துக்கு 760 மி.மீ. தாராளம்.

இன்னொன்று. தடித்த டயர் போட்டதையெல்லாம் எம்.டி.பி. என்று விற்கிறார்கள், எது எவ்வளவு தாங்கும் என்று யாரும் சொல்வதில்லை. கையேட்டில் ஏ.எஸ்.டி.எம். (தர நிர்ணய அமைப்பு) வகை எண்ணைத் தேடுங்கள். வகை 2 என்றால் 15 செ.மீ. டிராப்தான். வகை 3-க்கு 61 செ.மீ., அதாவது உங்கள் இரண்டடி, அதுவே எல்லை.

எல்லாம் முடிந்ததும் பாருக்கும் ஸ்டெம்முக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வீட்டு வாசல்படியில் பத்து முறை இறங்குங்கள். கோடு விலகியிருந்தால் கேப்பர் மலைக்குப் போகாதீர்கள்.