மனையை விற்றுப் படிக்க வைக்கலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறோம். கணவர் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 30,000 ரூபாய் வரும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இந்த வருடம் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்தாள். நீட் எழுதினாள், எம்.பி.பி.எஸ். கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. மகனுக்கு ஏழு வயது, பிறவியிலேயே காது கேளாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நான்கு வயதில் காக்ளியர் இம்ப்ளான்ட் (காதுக்குள் கருவி பொருத்தும்) ஆபரேஷன் ஆனது. அவனைத் தெரபிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தது எல்லாம் அவன் அக்காதான். தினமும் காலையில் அவன் முதுகுப்பக்கம் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் பள்ளிக்கு அனுப்புவாள். இப்போது காது பரிசோதனை, பேச்சுத் தெரபி சொல்லித்தரும் படிப்பையே படிக்க வேண்டும் என்கிறாள். பி.ஏ.எஸ்.எல்.பி. என்று பெயராம், நான்கு வருடம். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் வருடத்துக்குக் கட்டணம் 1,20,000, விடுதிக்கு 80,000 என்கிறார்கள். சொந்தக்காரர்கள் "பேர் தெரியாத படிப்புக்கு இவ்வளவு செலவா, நர்சிங்கில் சேர்த்து விடு" என்கிறார்கள். எங்களிடம் 12 பவுன் நகை, நெல்லிக்குப்பம் ரோட்டில் 3 சென்ட் மனை, போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் 1,70,000 ரூபாய் இருக்கிறது. மனையை விற்பதா, நகையை வைப்பதா, கடன் வாங்குவதா? படித்தால் சம்பாத்தியம் வருமா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் உங்கள் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலையில் அவள் சொல்லும் அந்த ஆறு ஒலிகள் காது கேட்கும் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தெரபிஸ்டுகள் உலகம் முழுக்கச் செய்யும் சோதனை. 'ம்', 'ஊ' தாழ்ந்த அதிர்வெண், 'ஷ்', 'ஸ்' உயர்ந்த அதிர்வெண். தம்பி 'ஸ்' மட்டும் திருப்பிச் சொல்லவில்லை என்றால் எங்கே கோளாறு என்று அவளுக்கு ஓரளவு புரிந்துவிடும். மூன்று வருடமாக இதைத் தவறாமல் செய்கிற பெண்ணுக்கு இந்தப் படிப்பில் எது காத்திருக்கிறது என்று தெரியும். பெயரைக் கேட்டு மயங்கிச் சேர்ந்துவிட்டுப் பாதியில் விடுகிற ஆள் அவள் இல்லை. கல்விக்கடனில் நான் பயப்படுவது பாதியில் நின்றுபோகும் படிப்புக்குத்தான். அந்தப் பயம் எனக்கு இங்கே இல்லை.

சேர்த்து விடுங்கள். ஆனால் மனையையும் விற்க வேண்டாம், நகையையும் வைக்க வேண்டாம்.

நகையில் ஆரம்பிக்கிறேன். உங்கள் மகன் காதின் வெளியே மாட்டியிருக்கும் ப்ராசஸர் என்றைக்கும் உழைக்கிற பொருள் இல்லை. வாரண்டி முடிந்த பிறகு காயில், கேபிள், பேட்டரி என்று ஒவ்வொன்றாகக் கைப்பணம் கேட்கும். ஒருநாள் ப்ராசஸரையே மாற்ற வேண்டி வரும், அதன் விலை லட்சங்களில். கடற்கரை ஊரில் உப்புக் காற்று, வியர்வை எல்லாம் சேர்ந்து கருவிக்கு ஆகாது. அந்த நாளில் பணம் இல்லாமல் இரண்டு மாதம் கருவி இல்லாமல் இருந்தால், பேச்சு வளர்கிற வயதில் பிள்ளைக்கு அது பெரிய இழப்பு. ஆகவே 12 பவுனை இன்றைக்கே 'தம்பியின் காது' என்று மனத்தில் எழுதி வைத்துவிடுங்கள். அதோடு நகைக்கடன் பொதுவாக ஒரு வருடத்துக்குத்தான். படிப்போ நான்கு வருடம் வருமானமில்லாத செலவு. வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைத்து, ஒருமுறை தவறினால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

மனையை அவசரத்துக்கு விற்றால் வாங்குபவர் சொல்வதுதான் விலை. குடும்பத்தின் ஒரே நிலம் அது. கல்விக்கடன் என்ற வழி திறந்திருக்கும்போது அதைத் தொட வேண்டியதில்லை.

பணத்துக்குப் போகும் முன்பு ஒரு விஷயத்தை உறுதி செய்ய வேண்டும், இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். இந்தத் துறையைக் கட்டுப்படுத்துவது ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அதன் பதிவேட்டில் பெயர் இல்லாமல் யாரும் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்), ஸ்பீச் தெரபிஸ்ட் என்று தொழில் செய்ய முடியாது, செய்தால் தண்டனை உண்டு. அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தவரைப் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. பையன் மூன்று வருடம் படித்து முடித்த பிறகுதான் கல்லூரிக்கு அந்த வருடச் சேர்க்கைக்கு அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தது. அந்த அப்பா கட்டணம் கட்டிய ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாக என் மேஜையில் வைத்தார். என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது எதுவுமில்லை. அதனால் சொல்கிறேன்: ஆர்.சி.ஐ. இணையதளத்தில் கல்லூரியின் பெயரையும், இந்தக் கல்வியாண்டுக்கான அங்கீகாரத்தையும், எத்தனை இடங்கள் என்பதையும் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் காட்டும் நகலை நம்ப வேண்டாம். முன்பணம் என்று ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, இடம். சென்னைத் தனியார் கல்லூரி ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டில் பாராமெடிக்கல் பட்டப்படிப்புக் கலந்தாய்வில் பி.ஏ.எஸ்.எல்.பி.யும் இருக்கிறது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. நீங்கள் சொல்லும் கல்லூரி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதாக இருந்தால் அங்கேயே அரசு ஒதுக்கீட்டு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், கட்டணம் குறையும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அந்தச் சலுகை கிடையாது. இன்னொன்று, உங்களுக்குப் பக்கத்திலேயே பாண்டியில் இருக்கிற மத்திய அரசு மருத்துவ நிறுவனமான ஜிப்மர். அங்கே இந்தப் படிப்பு உண்டு, நீட் மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள், அதற்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போதாத மதிப்பெண் இதற்குப் போதலாம். இடங்கள் குறைவுதான், ஆனாலும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். கிடைத்தால் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகப் பாண்டிக்குப் பஸ், அங்கிருந்து கோரிமேடு. விடுதிச் செலவே இல்லாமல் வீட்டிலிருந்து போய் வரலாம், கல்விக்கடனே தேவைப்படாமல் போகலாம். மைசூரில் 1965-இல் மத்திய அரசு தொடங்கிய அகில இந்தியப் பேச்சு செவித்திறன் நிறுவனம் இந்தத் துறையின் தாய்வீடு மாதிரி. அதற்கும் நுழைவு வழி உண்டு, தேதி தவறிவிட்டால் இந்த வருடம் விட்டுவிடுங்கள்.

இவை எதுவும் அமையாமல் சென்னைக் கல்லூரிதான் என்றால் கணக்கு இப்படி. நான்கு வருடத்துக்கு 8 லட்சம். நான்காவது வருடம் பயிற்சிக் காலம். அந்த வருடத்துக்கும் முழுக் கட்டணம் வாங்குகிறார்களா, பயிற்சிக்கு உதவித்தொகை தருகிறார்களா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தருகிற இடமும் உண்டு, தராத இடமும் உண்டு. தராது, கட்டணமும் உண்டு என்றே வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

6 லட்சம் கல்விக்கடன். வருடத்துக்கு 1,50,000 வீதம் வங்கி நேராகக் கல்லூரிக்கும் விடுதிக்கும் கட்டும். மீதி வருடத்துக்கு 50,000 உங்கள் கையிலிருந்து. அதற்கு ஆர்.டி.யின் 1,70,000 இருக்கிறது. மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். மூன்று வருடத்துக்கு 36,000 என்று மட்டும் வையுங்கள். இரண்டும் சேர்ந்து தேவையான 2 லட்சம் நிரம்பிவிடுகிறது. நான்கு லட்சத்துக்கு மேல் கடன் போனால் நம் கையிலிருந்து போடச் சொல்லி வங்கி கேட்கும் 5 சதவீதப் பங்கும் இதற்குள்ளேயே அடங்கும்.

ஏழரை லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது, அதற்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. கிளையில் யாராவது மனைப் பத்திரம் கொண்டுவரச் சொன்னால் "ஏழரைக்குள்தானே கேட்கிறோம் சார்" என்று பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போட்டு அதன் எண்ணோடு போனால் பேச்சு எடுபடும். கணவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடுவார், அவருடைய சிபில் (பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் மதிப்பெண்) பார்ப்பார்கள். பைக்குக்கோ வேறு எதற்கோ வாங்கிய கடனில் பாக்கி நிற்கிறது என்றால் இந்த வாரமே அடைத்துவிடுங்கள்.

வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு வருடமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தனி வட்டிதான், அதுவே 2,10,000 ஆகிவிடும். கடன் 8,10,000-இல் வந்து நிற்கும். பத்து வருடத் தவணை மாதம் சுமார் 10,700. அதே வட்டியைப் படிக்கும்போதே கட்டி வந்தீர்களானால் கடன் 6 லட்சத்திலேயே நிற்கும், தவணை சுமார் 7,930. படிக்கும்போது கட்ட வேண்டியது முதல் வருடம் மாதம் 1,250, இரண்டாம் வருடம் 2,500, மூன்றாம் வருடம் 3,750, பிறகு 5,000. தையல் வருமானத்திலிருந்து முதல் இரண்டு வருடம் முடியும் என்று நினைக்கிறேன். பிந்தைய வருடங்களில் மூச்சு முட்டினால் பாதியாவது கட்டுங்கள்.

இதையும் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது, பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4,50,000-க்குள் இருந்தால், அந்தத் தவணையில்லாக் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் உண்டு. உங்களுக்கு 3,60,000-தான். தாசில்தாரிடம் வருமானச் சான்று வாங்கி வங்கியில் கொடுங்கள். கல்லூரிக்கு நாக் (NAAC) என்கிற தேசிய மதிப்பீட்டுக் குழுவின் தரச்சான்று இருக்கிறதா என்பதையும் கேளுங்கள், மானியத்துக்கு அது பார்க்கப்படும். நிர்வாக ஒதுக்கீட்டை விடக் கலந்தாய்வில் கிடைத்த இடம் என்றால் வங்கியில் எல்லாமே சுலபம்.

சம்பாத்தியம் வருமா என்று கேட்டீர்கள். வரும், ஆனால் முதல் இரண்டு மூன்று வருடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நான் 22,000 சம்பளம் என்று குறைத்தே வைத்துப் பார்க்கிறேன். தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. 7,930 கொஞ்சம் அதிகம். பதினைந்து வருடம் என்று எழுதிக்கொண்டால் 6,450 ஆகும், சம்பளம் ஏறும்போது கூடுதலாகக் கட்டிச் சீக்கிரம் முடிக்கலாம். வட்டியையும் ஏறவிட்டு 10,700-இல் போய் மாட்டினால் பாதிச் சம்பளம் போய்விடும், அதனால்தான் வட்டி விஷயத்தில் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வேலை எங்கே என்றால், காது மூக்கு தொண்டைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிகள், சிறப்புப் பள்ளிகள், குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து சிகிச்சை தர மாவட்டம்தோறும் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள், காது கருவி விற்கும் கடைகள். கடைகளில் விற்பனைக்கு ஊக்கத்தொகை என்று பெரிய தொகை சொல்வார்கள், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். காது கேளாத குழந்தைகள் மட்டுமல்ல, பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்கள், விழுங்க முடியாதவர்கள், திக்குவாய், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் என்று தெரபி தேவைப்படுபவர்கள் நிறைய. அனுபவம் வந்தபின் மணிக்கணக்கில் தெரபி பார்த்துச் சம்பாதிக்கலாம். அதற்கு ஓர் அறையும் பொறுமையும் போதும். காது பரிசோதனைக் கிளினிக் வேறு கதை, ஒலி புகாத அறை, ஆடியோமீட்டர் என்று முதலீடு கேட்கும். கல்விக்கடன் முடியும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். வெளிநாடு என்று யாராவது ஆசை காட்டினால், அமெரிக்கா போன்ற இடங்களுக்கு இந்தப் பட்டம் மட்டும் போதாது, மேல்படிப்பு வேண்டும். அதை இந்தக் கடனோடு கலக்காதீர்கள்.

பாடம் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்வழியில் படித்திருந்தால் முதல் வருடம் திணறுவாள், தளர விடாதீர்கள். வேலையில் அவளுக்குக் கைகொடுக்கப் போவது தமிழ்தான். நம் பக்கம் ஒரு குழந்தை வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்றால் அது வீட்டில் கேட்டுப் பழகிய பேச்சா, நாக்கின் குறைபாடா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த மண்ணில் வளர்ந்த தெரபிஸ்டுக்கு அது காதிலேயே தெரியும்.

நர்சிங்கும் நல்ல படிப்புதான், அதை விரும்புகிற பெண்ணுக்கு.

கடைசியாக, அவள் விடுதிக்குப் போய்விட்டால் காலையில் தம்பியின் முதுகுப்பக்கம் நின்று அந்த ஆறு ஒலிகளைச் சொல்ல வீட்டில் யார் இருப்பார்கள்? கல்லூரி திறக்கும் முன்பு நீங்களும் உங்கள் கணவரும் அவளிடமே கற்றுக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரத்தில் நிற்பது, வாயை எப்படி மறைப்பது, எந்த ஒலிக்கு அவன் தயங்கினால் எதைப் பார்ப்பது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.