அந்த ஸ்டூலை எப்போது எடுப்பீர்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2017-இல் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். 2020 ஊரடங்கின்போது பாதுகாப்புக்காக மாடி அறையில் தங்கவைத்தோம். சாப்பாட்டை அறை வாசலில் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு மிஸ்டு கால் கொடுப்போம், அவரே எடுத்துக்கொள்வார். அவருக்கும் பழகிவிட்டதால் இன்றுவரை அப்படியே தொடர்கிறது. இப்போது பேச்சு குறைந்துவிட்டது. முகத்தில் சிரிப்பே இல்லை. ரசத்தைக் கொட்டிவிடுகிறார், என் மனைவிதான் துடைக்கிறாள். கீழே அவர் அறையில் என் ஆபீஸ் டேபிள் இருக்கிறது. மாத்திரையைக் கூட்டலாமா? ஹோம் நர்ஸ் வைக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: தம்பி, மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் நரம்பியல் மருத்துவரின் வேலை. நீங்களாகக் கை வைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்குக் கேட்க வேண்டியது அந்த ஸ்டூலைப் பற்றி.

2020-இல் வைத்தீர்கள், சரி. அன்று என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனமே 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது. உங்கள் வீட்டு மாடிக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

'அவருக்கும் பழகிவிட்டது' என்கிறீர்கள். அதை அவர் எப்போது சொன்னார்? அடுத்த வரியிலேயே அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது என்றும் எழுதுகிறீர்கள். பக்கவாதம், வலிப்பு, மறதி என்று நோயின் பெயர்தான் மாறுகிறதே தவிர, இந்தக் கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. இந்த ஒரு வரி மட்டும் எதிலும் தப்புவதில்லை. பழகிப்போனது கீழே இருக்கிறவர்களுக்கு.

ஸ்டூல் இருப்பது வாசற்படியில். பார்க்கின்சன் உள்ளவருக்கு வீட்டிலேயே பொல்லாத இடம் அது. அறைக்குள் ஓரளவு நடமாடுகிறவருக்குக்கூட நிலைப்படிக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு போகச் சொல்லும், பாதம் நகராது. அங்கே நின்று, குனிந்து, நடுங்குகிற கையால் அவர் ரசக் கிண்ணத்தைத் தூக்க வேண்டும். கொட்டாமல் என்ன செய்யும்? நீங்களோ அவர்மேல் புகார் எழுதுகிறீர்கள். துடைப்பது உங்கள் மனைவி. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். மிஸ்டு கால் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை.

இந்த நோயில் குரல் தானாகவே தணியும். பேசுகிறவருக்கோ, தாம் சரியாகத்தான் பேசுகிறோம் என்று தோன்றும். எதிரே ஒருவர் உட்கார்ந்து, "கேக்கலப்பா, சத்தமா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாடியில் யார் கேட்பது? சிரிப்பும் அப்படித்தான். முகத்துத் தசை விறைப்பதால் உள்ளே சிரித்தாலும் வெளியே தெரியாது. தாத்தா கோபமாக இருக்கிறார் என்று குழந்தைகள் ஒதுங்கிவிடும். மனச்சோர்வும் இந்த நோயோடு ஒட்டி வருவதுதான். கொரோனா தொற்றாத பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் ஊரடங்கில் விறைப்பும் சோர்வும் கூடியதாகப் பல நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள். நடமாட்டமும் ஆள் முகமும் இல்லாமல் போனதை அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். உங்கள் அப்பாவுக்கு அது இன்னும் நீள்கிறது.

போகட்டும், புரையேறினால் யாருக்குத் தெரியும்? விழுங்குவதும் இந்த நோயில் தடுமாறும். சோறு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடுவது உண்டு. மாத்திரையையும் தட்டிலேயே வைத்து அனுப்புகிறீர்களா? பார்க்கின்சனுக்கு வழக்கமாகத் தரும் லெவோடோபா மாத்திரை என்றால், பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்வார்கள். பருப்பு, தயிர், முட்டையில் உள்ள புரதம் மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால், எந்த வேளைக்கு எப்போது போடுகிறார் என்று ஒரு வாரம் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். எழுத வேண்டுமானால் பக்கத்தில் இருக்க வேண்டுமே, அதற்காகவும்தான் சொல்கிறேன்.

ஹோம் நர்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருநாள் தேவைப்படலாம். இன்று வைத்தால் ஸ்டூலுக்குச் சம்பளம் கொடுத்த கதையாகிவிடும். நான் பழைய காலத்து மனுஷி. பெற்றவர் மாடியில் தனித்தட்டில் சாப்பிட, பிள்ளை கீழே குடும்பத்தோடு சாப்பிடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நேரமில்லை என்று சொல்லவும் வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அவருக்கு முக்கால் மணி ஆகும், அவ்வளவுதான்.

படியில் நின்று "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று ஊரையே நகர்த்திய மனிதர். அவருக்குக் கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். பக்கத்தில் நின்று "ஒண்ணு, ரெண்டு" என்று தாளமாக எண்ணுங்கள். "போலாம் ரைட்" என்றுகூடச் சொல்லிப் பாருங்கள். வெளியே ஒரு தாளம் கேட்டால் பலருக்குப் பாதம் கிளம்பிவிடும். நிலைப்படிக்கு முன்னால் குறுக்கே பளிச்சென்று ஒரு டேப் ஒட்டினாலும் அதைத் தாண்டக் கால் எழும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆளை வைத்து அந்த ஆபீஸ் டேபிளை மாடிக்கு ஏற்றிவிட்டு, அப்பா கட்டிலைக் கீழே இறக்குங்கள். படியேற உங்களுக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது?