‘பேக்கப் முடிந்தது’ என்று வருகிறது, ஃபைல் திரும்பி வருமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் மூன்று பேர் வேலை செய்யும் சிறிய கணக்கியல் அலுவலகம் எங்களுடையது. வெள்ளிக்கிழமை தோறும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறோம். ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்றுதான் எப்போதும் வருகிறது. ஆனால் தெரிந்த ஒருவரின் அலுவலகத்தில் கணினி பழுதானபோது, ஒழுங்காக எடுத்து வந்த பேக்கப்பிலிருந்து கணக்குகள் எதுவும் திறக்கவில்லை. எங்களுடையது திரும்பி வரும் என்று எப்படி உறுதிப்படுத்துவது?

பதில்: திருப்பி எடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. ‘வெற்றி’ என்று வரும் செய்தி, நீங்கள் குறித்துக் கொடுத்ததை எழுதி முடித்துவிட்டேன் என்று மட்டுமே சொல்கிறது. குறித்துக் கொடுத்தது போதுமானதா, அந்த ஃபைல் நாளைக்குத் திறக்குமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சில மென்பொருள்களில் ‘வெரிஃபை’ என்று ஒரு வசதி இருக்கும். அதைக் கட்டாயம் போட்டு வையுங்கள். ஆனால் அதுவும் எழுதிய தரவு சிதையாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஒரு ஃபோல்டரையே சேர்க்க மறந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்காது.

சோதனையை அலுவலகக் கணினியில் செய்யாதீர்கள். இதுதான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. அந்தக் கணினியில் கடவுச்சொல் ஏற்கனவே சேமிக்கப்பட்டிருக்கும், மென்பொருள் இருக்கும், எழுத்துரு இருக்கும். அதனால் எல்லாம் சரியாகவே தெரியும். போதாததற்கு, பழைய பிரதி இன்றைய ஃபைலின் மேல் எழுதப்பட்டுவிடும் ஆபத்தும் உண்டு. வீட்டிலுள்ள மடிகணினி ஒன்றை எடுங்கள். அதில் புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து, அலுவலகக் கணினி எரிந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு, கையில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வைத்து வேலையைத் தொடங்குங்கள்.

முதல் தடை பெரும்பாலும் பூட்டுத்தான். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட டிஸ்க், அலுவலகக் கணினியில் தானாகத் திறக்கும்படி அமைத்திருந்தால் எதுவும் கேட்காது. வேறு கணினியில் செருகியதும் கடவுச்சொல் கேட்கும். அது மறந்துவிட்டால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அந்தச் சாவி பழுதான கணினிக்குள்ளேயே ஒரு ஃபைலாகக் கிடந்தால் என்ன பயன்? அச்சிட்டு, டிஸ்க் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.

அடுத்தது கணக்கு ஃபைல். குவிக்புக்ஸ் போன்ற மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் தரவு ஃபைலை வெறுமனே காப்பி செய்தால், பாதி எழுதிய நிலையில் ஒரு பிரதி வந்துவிடலாம். அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் கட்டளையால் எடுத்ததைத்தான் நம்ப வேண்டும். புதிய பதிப்பில் எழுதிய கம்பெனி ஃபைலைப் பழைய பதிப்பு திறக்காது என்பதால், நிறுவும் ஃபைலையும் உரிம எண்ணையும் சேர்த்து வையுங்கள். ஃபைல் திறந்தவுடன் சரி என்று விட்டுவிடாமல், வாடிக்கையாளர் ஒருவரின் பரீட்சை மீதியை (டிரையல் பேலன்ஸ்) எடுத்து, அதே திகதிக்கு அலுவலகத்தில் அச்சிட்ட தாளுடன் ஒப்பிடுங்கள். கடைசிப் பதிவின் திகதியையும் பாருங்கள்.

அந்தத் திகதி ஏன் முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில், அரசாங்க மின்னஞ்சல்கள் இருந்த அரசாங்க கிளவுட் மீது ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) தாக்குதல் நடந்தது. சேவை திரும்ப வந்தது, பழைய மின்னஞ்சல்களும் வந்தன. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பேக்கப்பே இருக்கவில்லை. அரசாங்க முகவரி வைத்திருந்த சுமார் 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன.

இன்னொன்று, தமிழில் வேலை செய்கிறவர்களுக்கே உரியது. உங்கள் பழைய கடிதங்கள் பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வரும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், எழுத்துருவை நிறுவினால் தமிழ் வந்துவிடும். ஆவண ஃபோல்டரை மட்டும் பேக்கப் எடுத்தால் எழுத்துரு அதில் வராது, தனியே சேர்க்க வேண்டும்.

மைக்ரோசொஃப்டின் கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவ் பாவிக்கிறீர்களா? சில ஃபைல்கள் கணினியில் பெயரளவில் மட்டுமே இருக்கும், உள்ளடக்கம் கிளவுட்டில் இருக்கும். எனவே திரும்ப எடுத்த ஃபோல்டரின் மொத்த அளவை மூலத்துடன் ஒப்பிடுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போய் அளவு மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம், மிகப் பழையது, மிகப் பெரியது, நேற்றையது என்று சில ஃபைல்களையாவது திறந்து பாருங்கள். முக்கியமான, இனி மாறாத ஃபைல்களுக்கு, செவன்-சிப் (7-Zip) என்ற இலவச மென்பொருளை நிறுவினால் வலது கிளிக்கிலேயே எஸ்.எச்.ஏ.-256 எண் எடுக்கலாம். அது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு எண். இரண்டு பக்கமும் எண் ஒன்றாக இருந்தால் ஃபைலும் ஒன்றுதான்.

விண்டோஸ் உட்பட முழு டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரே பிரதியாக எடுப்பவர்கள், மீட்புக்கென்று தயாரித்து வைத்த பென் டிரைவிலிருந்து கணினி கிளம்புகிறதா, கிளம்பியபின் வெளி டிஸ்க் அதில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இமேஜை விரித்துப் பார்க்க, வேலை செய்துகொண்டிருக்கும் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். பழைய டிஸ்க்கின் அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி, அதைப் பொருத்திச் சோதியுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போனால் கிடைக்கும்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1 டிபி தரவு, நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஏறக்குறைய 3 மணித்தியாலம் எடுக்கும், பழைய யூஎஸ்பி 2 என்றால் 9 மணித்தியாலத்தையும் தாண்டலாம். கிளவுட்டிலிருந்து 500 ஜிபி இறக்க, 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) இணைப்பில் சுமார் 22 மணித்தியாலம் வேண்டும். நவம்பர் 30இல் வருமான வரி விவரத்திரட்டு கொடுக்க வேண்டிய உங்களைப் போன்ற அலுவலகத்துக்கு இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் உங்களுக்குப் போதும். கணினி, மென்பொருள், கடவுச்சொல் எது மாறினாலும் உடனே ஒரு தடவை செய்யுங்கள். நவம்பர் நெருக்கடிக்கு முன், ஒக்டோபரிலும் ஒன்று. வெள்ளிக்கிழமை பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், செருகியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். ஒரே டிஸ்க்கை நம்பாமல் இரண்டாவது ஒன்றை வாங்கி, வாரம் மாறி வாரம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

சோதனை தோற்றால் பதற வேண்டாம், மூலம் இன்னும் உங்களிடம் உயிரோடுதான் இருக்கிறது. பழைய பேக்கப்பை அழிக்காதீர்கள், டிஸ்க்கை ஃபார்மட் செய்யாதீர்கள். எல்லா மென்பொருளையும் மூடிவிட்டு, முக்கிய ஃபோல்டர்களை அன்றைக்கே புதிய டிஸ்க் ஒன்றில் நேரடியாகக் காப்பி செய்து, அதை அந்த மடிகணினியில் திறந்து பார்த்த பிறகு கோளாறு எங்கே என்று தேடலாம்.