பேஷன் ஃப்ரூட்டுக்கு 18, சிறுபூனைக்காலிக்கு 20: குரோமோசோமை எண்ணினால் போதுமா?

"இரண்டும் பாசிஃப்ளோரா என்ற ஒரே பேரினம். ஆனால் பேஷன் ஃப்ரூட்டுக்குக் குரோமோசோம் 18, சிறுபூனைக்காலிக்கு 20 என்று படித்தேன். இதை எண்ணி ஒப்பிடுவதால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. தாவரவியல் படித்தபோது இந்த இரண்டு கொடிகளோடும் ஒரு செமஸ்டர் முழுக்க மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் நான் பட்ட அவமானம். அயனாவரம் வீட்டு மொட்டைமாடியில் பேஷன் ஃப்ரூட் கொடி ஒன்று இருந்தது. கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம் என்பார்களே, அதுதான். அதில் துண்டு வெட்டி மணலில் நட்டு, வேர் விட்டதும் காலையில் வெள்ளை நுனிகளைக் கிள்ளினேன். அவற்றை ஹைட்ராக்சிகுவினோலின் என்ற வேதிப்பொருளில் ஊறவைத்தால் செல் பிரிதல் நடுவழியில் நின்றுவிடும். அப்புறம் ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்த திரவம், அமிலத்தில் கொஞ்ச நேரம் மென்மையாக்குதல், சாயம். கடைசியில் கவர் ஸ்லிப் மேல் ஃபில்டர் பேப்பரை வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. விரல் நகர்ந்தால் போச்சு. வெங்காயத்தின் 16 குரோமோசோம்கள் சேமியா மாதிரி நீளமாகத் தெரியும். இவை வெறும் ரவை, இரண்டு மூன்று மைக்ரான்தான்.

மைக்ரோஸ்கோப்பில் எண்ணினேன்: 20. வேறொரு செல்லிலும் 20. புத்தகத்தில் 18 என்று இருக்கிறது, நாம் புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று சாரிடம் ஓடினேன். அவர் மைக்ரோஸ்கோப்பின் திருகைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டும் தனி குரோமோசோம் இல்லப்பா, சாட்டிலைட். கழுத்து மெலிசா இருக்கிறதால அறுந்து விழுந்த மாதிரி தெரியுது" என்றார். பேஷன் ஃப்ரூட்டில் இரண்டு ஜோடிக் குரோமோசோம்களின் நுனியில் இப்படிக் குமிழ் உண்டு. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான ஆர்.என்.ஏ. மரபணுக்கள் கூட்டமாக இருக்கும் இடம் அந்த மெல்லிய கழுத்து. ஒளிரும் டி.என்.ஏ. துண்டை ஒட்டவைத்துப் பார்த்தால் அங்கே நான்கு புள்ளிகள் மின்னும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் கருத்தில், வெறும் எண் ஆளை ஏமாற்றும். இந்தப் பேரினத்தில் 12, 18, 24 என்று மூன்று பெரிய கூட்டங்கள் உண்டு. பாசிஃப்ளோரா சுபெரோசாவில் பெரும்பாலும் 24 வரும். இதே பேரினத்தில் மரமாகவும் வளரும் அஸ்ட்ரோஃபியா என்ற உட்பிரிவிலும் 24. ஆனால் சுபெரோசாவின் 24 என்பது 12 இரட்டிப்பானது. அதாவது ஆறு ஆறாக நாலு தொகுதி உள்ள நாலு மடங்குச் செடி. அஸ்ட்ரோஃபியாவில் 12 என்பதே ஒரு தொகுதியாகக் கொள்ளப்படுகிறது, 24 என்றால் இரண்டே தொகுதி. எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பங்காளி ஆக்கினால் வம்சாவளியே தப்பாகிவிடும்.

அளவும் அப்படித்தான். 12 குரோமோசோம் உள்ள பாசிஃப்ளோரா ஆர்கனென்சிஸின் மரபுத்தொகுதி, அதாவது ஒரு தொகுதிக் குரோமோசோம்களில் உள்ள மொத்த டி.என்.ஏ., சுமார் 26 கோடி எழுத்து. 18 உள்ள பேஷன் ஃப்ரூட்டுக்குச் சுமார் 130 கோடி. எண் ஒன்றரை மடங்கு, சரக்கு ஐந்து மடங்கு! தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு பெருகும் டி.என்.ஏ. துண்டுகள்தான் இந்த வீக்கத்துக்குப் பெரிய காரணம்.

எண்ணுவதே வீண் என்று சொல்லவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாளும் ஆங்கிலேய உயிரியலாளர் டார்லிங்டனும் சேர்ந்து 1945-இல் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்களை ஒரே நூலாகத் தொகுத்தார்கள். கலப்பினம் செய்கிறவர்களுக்கு அது பஞ்சாங்கம் மாதிரி. அந்த அம்மா கடைசிவரை நம்ம மதுரவாயலில்தான் ஆராய்ச்சி செய்தார்.

லாபம் இங்கேதான். பேஷன் ஃப்ரூட்டில் ஊதாப் பழக் கொடிக்கும் மஞ்சள் பழக் கொடிக்கும் 18 தான். இரண்டையும் சேர்த்துக் குடகில் 'காவேரி' என்ற கலப்பினத்தை உருவாக்கினார்கள். சிறுபூனைக்காலியோடு சேர்த்தால், ஒவ்வொரு செடியும் தன் குரோமோசோமில் பாதியைத்தான் தரும் என்பதால் 9-உம் 10-உம் கூடி 19. அந்தக் கலப்புச் செடியில் மகரந்தம் உருவாகும்போது ஒன்றுக்காவது ஜோடி கிடைக்காது, மற்றவையும் ஒழுங்காக இணையும் என்று நம்ப முடியாது. அதற்கு முன்னால் காயே பிடிக்க வேண்டுமே. தண்டவாளத்தோரம் பறித்த சிறுபூனைக்காலிப் பூவின் மகரந்தத்தை எங்கள் கொடியின் பூக்களில் நான் தடவிப் பார்த்தேன். மூன்றாம் நாள் எல்லாம் தரையில் கிடந்தன. அம்மா பெருக்கித் தள்ளிவிட்டார்.