அமைச்சர்கள் எல்லாரும் விலகிய பிறகும் ஏன் உடனே தேர்தல் வருவதில்லை?

கேள்வி: ஒரு அரசாங்கத்திலிருந்து அமைச்சர்கள் வரிசையாக விலகுகிறார்கள். மக்கள் தெருவில் இறங்கித் தேர்தல் கேட்கிறார்கள். அப்படியும் ஏன் உடனே தேர்தல் நடப்பதில்லை?

இதே கேள்வியை 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இரவு என் அம்மா என்னிடம் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் பிழை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இலங்கை முழுக்க ஊரடங்கு. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் காஸ் முடிந்து நாலு நாள். வெறும் சிலிண்டரைக் கடை வாசலில் மற்றவர்களின் சிலிண்டர்களோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தோம். ஆளுக்குப் பதில் சிலிண்டர் வரிசையில் நிற்கும். அம்மா கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து ரைஸ் குக்கரில் சோறும் பருப்பும் ஒன்றாகப் போட்டு இறக்கிவிடுவார். அந்த வாரம்தான் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். மிரிஹானையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் வீட்டுக்கு முன்னால் சனம் கூடி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

நடுச்சாமம் ஆகும்போது கைப்பேசியில் செய்தி வந்தது. அமைச்சரவையில் 26 பேரும் இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார்கள், பிரதமர் மஹிந்த ராஜபக்ச மட்டும் மிச்சம் என்று. தினேஷ் குணவர்தன வெளியே வந்து செய்தியாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சத்தமாக வாசித்தேன். அம்மா உள்ளேயிருந்து கேட்டார்: “எல்லாரும் விட்டுட்டுப் போட்டினம் எண்டா, இனி எலெக்ஷன் தானே தம்பி?”

“ஓம் அம்மா” என்றேன்.

அதற்குப் பிறகு அம்மா முதன்முதலாக வாக்குப் போட்டது 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலில். இரண்டரை வருடத்துக்கு இரண்டு வாரம்தான் குறைவு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமைச்சர் பதவி வேறு, பாராளுமன்ற ஆசனம் வேறு. அந்த இரவு 26 பேர் விட்டது அமைச்சைத்தான், ஆசனத்தை ஒருவரும் விடவில்லை. 225 பேர் கொண்ட சபையில் 2020 ஆகஸ்டில் ராஜபக்சக்களின் கட்சியான பொதுஜன பெரமுனவுக்குக் கிடைத்த 145 ஆசனங்களும் அப்படியே இருந்தன. வெளியே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும், உள்ளே எண்ணிப் பார்க்கும்போது அந்த 145தான் எண்ணப்படும். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதம் பிடித்தது.

அடுத்த நாளே ஜனாதிபதி நாலு பேரை அமைச்சராக்கினார். முந்தைய இரவு விலகல் செய்தியைச் சொன்ன அதே தினேஷ் குணவர்தன அதில் ஒருவர். ஜி. எல். பீரிஸ், ஜோன்ஸ்டன் பெர்னாண்டோ, அலி சப்ரி மற்றவர்கள். நிதி அமைச்சை ஏற்ற அலி சப்ரி ஒரு நாளுக்குள் இராஜினாமாச் செய்தார். பிறகு அவரே தொடர்ந்தார். ஏப்ரல் 5ஆம் திகதி ஆளும் கூட்டணியிலிருந்து 40க்கும் மேற்பட்டவர்கள் தனியாக இயங்கப்போவதாக அறிவித்தார்கள். பெரும்பான்மை போய்விட்டது, இனி ஒரு வாரம் என்று எங்கள் அலுவலகத்தில் பந்தயம்கூடக் கட்டினார்கள். நானும் நம்பினேன்.

அந்த நம்பிக்கை உடைந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மே 5. பிரதிச் சபாநாயகர் பதவியிலிருந்து விலகியிருந்த ரஞ்சித் சியம்பலாபிட்டிய மறுபடி அதே பதவிக்குப் போட்டியிட்டார். ஆளும் கட்சியும் ஆதரித்தது, சுயாதீனமாகப் போனதாகச் சொன்னவர்களும் ஆதரித்தார்கள். அவருக்கு 148 வாக்குகள், எதிர்க்கட்சியின் இம்தியாஸ் பாக்கிர் மாக்காருக்கு 65. கொழும்புக் கடற்கரையில் காலிமுகத்திடலில், ஜனாதிபதி போகவேண்டும் என்று கூடாரம் போட்டு ஒரு மாதமாக வெயிலிலும் மழையிலும் பிள்ளைகள் கிடக்கிறார்கள். உள்ளே அரசாங்கம் ஒரு ஆசனமும் குறையாமல் நிற்கிறது. பிரதிச் சபாநாயகர் அடுத்த நாளே மீண்டும் விலகினார் என்பது வேறு கதை. எண்ணிக்கை தெரிந்துவிட்டது.

நாலு நாள் கழித்து, மே 9இல் பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட மஹிந்தவின் ஆதரவாளர்கள் காலிமுகத்திடலில் இருந்தவர்களை அடித்து நொறுக்கினார்கள். நாடு பற்றி எரிந்தது. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் நிட்டம்புவையில் கொல்லப்பட்டார். மஹிந்த ராஜபக்ச பதவி விலகினார். இவ்வளவுக்கும் பிறகு, மே 17இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் உறுப்பினர் சுமந்திரன் ஜனாதிபதிக்கு எதிரான அதிருப்திப் பிரேரணையை உடனே விவாதத்துக்கு எடுக்கக் கேட்டார். அதற்கு ஆதரவு 68, எதிர்ப்பு 119. விவாதிப்பதற்கே சம்மதம் இல்லை.

சரி, ஜனாதிபதியே பாராளுமன்றத்தைக் கலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சட்டம் விடவில்லை. 2020 ஒக்டோபரில் நிறைவேறிய 20ஆவது திருத்தத்தின்படி, சபை முதல் கூடிய நாளிலிருந்து இரண்டரை வருடம் முடியும்வரை ஜனாதிபதி கலைக்க முடியாது. பாராளுமன்றமே தீர்மானம் போட்டுக் கேட்டால்தான் முடியும். சபை கூடியது 2020 ஆகஸ்ட் 20இல், ஆகவே 2023 பெப்ரவரி 20 வரை பூட்டு. இந்தப் பூட்டு வெறுமனே ஏட்டில் இருப்பதும் அல்ல. 2018 நவம்பரில் மைத்திரிபால சிறிசேன அப்போதிருந்த நாலரை வருட வரம்பை மீறிக் கலைத்தார். உயர் நீதிமன்றம் டிசம்பரில் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். நினைத்த நேரம் சபையைக் கலைக்கும் அதிகாரம் ஒரு தனிமனிதன் கையில் இருப்பது ஆபத்து. ஆனால் அதே பூட்டு, தோற்றுப்போன ஒரு சபையை மக்களிடமிருந்து பாதுகாக்கவும் உதவியது.

சாவி பாராளுமன்ற உறுப்பினர்களிடம்தான் இருந்தது. தேர்தல் வந்தால் முதலில் வீட்டுக்குப் போவது அவர்கள்தான். அந்த 145 பேரில் எத்தனை பேர் அப்போது தங்கள் தொகுதிக்குள் கால் வைக்க முடிந்தது? போதாததற்கு, ஐந்து வருடம் சபையில் இருந்தால்தான் ஓய்வூதியம் என்ற விதி அப்போது இருந்தது. முதல் தடவை வந்தவர்கள் அதை மனதில் வைத்துத்தான் அசையவில்லை என்று பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் பேசினார்கள். கலைப்புத் தீர்மானம் வேண்டும் என்று கேட்பது, அவர்களுடைய வேலையை அவர்களையே முடித்துக்கொள்ளச் சொல்வது போல. கேட்கலாம். செய்யமாட்டார்கள்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோய் என்று நினைக்கவேண்டாம். அதே 2022 ஜூலை முதல் வாரத்தைப் பாருங்கள். 5ஆம் திகதி லண்டனில் ரிஷி சுனக்கும் சஜித் ஜாவித்தும் விலகினார்கள். இரண்டு நாளில் 50 பேருக்கு மேல் அரசுப் பொறுப்புகளை விட்டுப்போக, 7ஆம் திகதி போரிஸ் ஜோன்சன் போகச் சம்மதித்தார். 9ஆம் திகதி கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். பிரித்தானியாவில் எங்களைப் போல இரண்டரை வருடப் பூட்டு இல்லை. பிரதமர் கேட்டால் தேர்தல் வைக்கலாம். அப்படியும் வைத்தார்களா? இல்லை. லிஸ் டிரஸ் வந்தார், 49 நாளில் போனார், சுனக் வந்தார். மக்கள் வாக்களித்தது 2024 ஜூலை 4இல். அதே கட்சியின் உறுப்பினர்கள் தோற்கத் தயாராக இல்லாதவரை தலை மட்டும்தான் மாறும். சபை மாறாது.

எங்கள் நாட்டிலும் தலை மாறியது. ஜூலை 13 அதிகாலை கோட்டாபய மாலைதீவுக்குப் போனார், அங்கிருந்து சிங்கப்பூர், 14ஆம் திகதி இராஜினாமா. ஜனாதிபதி பதவி இடையில் வெற்றிடமானால் மிச்சக் காலத்துக்குப் பாராளுமன்றம்தான் ஒருவரைத் தெரிவுசெய்யும், மக்கள் அல்ல. 1993இல் பிரேமதாச கொல்லப்பட்டபோது டி. பி. விஜேதுங்க போட்டியின்றி வந்தார். இந்தத் தடவை போட்டி இருந்தது. ஜூலை 20: ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. ரணிலின் கட்சிக்கு அந்தச் சபையில் இருந்தது ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனம், அதாவது நாடு முழுக்கக் கிடைத்த வாக்கைக் கணக்கிட்டுக் கட்சிக்குக் கொடுக்கும் ஆசனம். அவரைத் தூக்கி வைத்தது பெரமுனவின் வாக்கு. இரண்டு நாளில் தினேஷ் குணவர்தன பிரதமரானார். ஆமாம், ஏப்ரல் 3 இரவு விலகல் செய்தி சொன்ன அதே தினேஷ்.

ரணில் வந்து நாட்டைத் தூக்கி நிறுத்தினார், அந்த நேரம் தேர்தல் வைத்திருந்தால் எல்லாம் குலைந்திருக்கும் என்று சொல்பவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு இவ்வளவு என்று எரிபொருள் வாங்கும் முறை வந்ததும் பெற்றோல் வரிசை குறைந்தது. ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் 470 ரூபாய்க்குக்கூடக் கிடைக்காமல் இரண்டு இரவு வரிசையில் தூங்கியவன் நான். அந்த நிம்மதியை மறுக்கமாட்டேன். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடனும் கிடைத்தது.

ஆனால் அந்தக் காலத்தில் எடுத்த முடிவுகளைப் பாருங்கள். மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த அரச கடன் முறிகளைக் குறைந்த வட்டிக்கு, நீண்ட காலத்துக்கு மாற்றினார்கள். அது தனியார் துறையில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்கள் மாதாமாதம் சம்பளத்தில் கழித்து வைத்த காசு. அம்மா ஒவ்வொரு மாதமும் கரண்ட் பில்லை மேசையில் விரித்துவைத்து, பழைய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கசப்பு மருந்து தேவைப்பட்டிருக்கலாம். அதைக் குடிக்கச் சொல்லும் உரிமையை எங்களிடம் வாக்குக் கேட்டு வாங்கியிருக்கவேண்டும். இதில் நான் யாரோடும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

உண்மையில் பெரிய தவறு 2022இல் அல்ல, 2023இல்தான் நடந்தது என்பது என் எண்ணம். 2022இல் சட்டம் கட்டிப்போட்டது, அதை ஏற்கிறேன். 2023 மார்ச் 9இல் 340 உள்ளூராட்சி சபைகளுக்குத் தேர்தல் என்று திகதி குறித்து, வேட்புமனுவும் வாங்கியாகிவிட்டது. அப்புறம் திறைசேரியில் காசு இல்லை என்றார்கள். தபால் வாக்குச் சீட்டு அச்சடிக்கவே அரச அச்சகத்துக்குப் பணம் போகவில்லை. ஏப்ரல் 25க்குத் தள்ளினார்கள், அதுவும் நடக்கவில்லை. அரச ஊழியர்கள் சிலர் வேட்புமனு கொடுத்ததால் வேலைக்கும் போகமுடியாமல், போட்டியிடவும் முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். என் நண்பன் ஒருவன் அதில் மாட்டினான். சம்பளம் இல்லாமல் மனைவியின் நகையை அடகுவைத்துக் குடும்பம் ஓட்டினான். 2024 ஆகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம், அந்தத் தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த அன்று அவன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.

தேர்தல் வந்தபோது என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2022 ஜூலை 20இல் மூன்று வாக்குப் பெற்ற அநுர ஜனாதிபதியானார். ரணிலுக்கு 17 வீதம். 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் 145 ஆசனக் கட்சிக்குக் கிடைத்தது 3. முன்பு 3 ஆசனம் வைத்திருந்த அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு 159. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்று அவர்களுக்குப் போனது. எங்கள் ஊரில் அப்படி நடக்கும் என்று 2022இல் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். உள்ளே இருந்த எண்ணிக்கையும் வெளியே இருந்த எண்ணிக்கையும் அந்த இரண்டு வருடமும் எவ்வளவு தூரம் விலகி நின்றன என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

ஆகவே அடுத்த தடவை எந்த நாட்டிலாவது அமைச்சர்கள் விலகும் செய்தி வந்தால், விலகியவர் ஆசனத்தையும் விட்டாரா, சபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கை தூக்குவாரா, கலைக்கும் அதிகாரம் யாரிடம், எந்தத் திகதியிலிருந்து என்று பாருங்கள். நான் இப்போது அதைத்தான் முதலில் தேடுகிறேன்.

தள்ளிப்போன உள்ளூராட்சித் தேர்தல் கடைசியில் 2025 மே 6இல் நடந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது விரலில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அப்ப மாகாண சபைக்கு எப்ப தம்பி?”

மேல் மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்களித்தது 2014 மார்ச்சில். ஊரில் இருக்கும் சித்திக்கு, வட மாகாண சபைக்கு, 2013 செப்டெம்பரில். இந்தத் தடவை நான் “தெரியாது அம்மா” என்றேன்.